மட்டாஞ்சேரி யூத ஜெபாலயம்

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில், மன்னரின் பழைய அரண்மனைக்கும் அதன் முற்றத்திலுள்ள பழையன்னூர் பகவதியின் ஆலயத்துக்கும் பக்கத்திலேயே, 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூத ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. தேசதேசமாகத் துரத்தப்பட்ட ஒரு ஜனசமூகத்துக்குத் தன் குலதெய்வத்தின் சந்நிதியை ஒட்டியே மனையளித்த அரசனின் பெருந்தன்மையும், அந்த நிழலை நன்றியோடு ஏற்றுக்கொண்டும் தன் சுயதர்மத்தைக் கைவிடாத அச்சமூகத்தின் மனோதிடமும் சேர்ந்து கட்டியது இந்தக் கட்டடம்.

இந்த உறவு மட்டாஞ்சேரியில் தொடங்கியதன்று. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூரில்) வீற்றிருந்த சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையையும், பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை முதலிய எழுபத்திரண்டு விடுபேறுகளையும் (சிறப்புரிமைகளையும்) சந்ததி சந்ததியாக வழங்கி, வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். பதினாறாம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரின் மீது நிகழ்ந்த தாக்குதல்களால் யூதர்கள் கொச்சிக்குப் பெயர்ந்தனர். செப்பேடும் அவர்களுடன் கொச்சி வந்து சேர்ந்தது.

ஜெபாலயத்துக்குள் பாதரட்சையைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். காலடியில் சீன தேசத்திலிருந்து கப்பலேறி வந்த, கையால் சித்திரம் தீட்டிய நீலமும் வெண்மையுமான ஓடுகள். தலைக்கு மேல் கண்ணாடி விளக்குகளின் வரிசை. நடுவே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த பீடம். மாடியில், பெண்கள் அமரும் பகுதியின் முன்னால், இன்னொரு பீடமும் உண்டு. சபாத் எனும் ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் அங்கே நின்று தோரா வாசிக்கப்பட்டதால், மறையொலி பெண்களுக்கு மிக அருகில் எழுந்தது. கேரளத்து யூத ஆலயங்களுக்கே உரிய அமைப்பு இது.

1662-இல் கொச்சியை முற்றுகையிட்ட டச்சுக்காரர்கள் பின்வாங்க நேர்ந்தபோது, அவர்களுக்கு உதவிய யூதர்கள்மீது சினங்கொண்ட போர்த்துக்கீசியர் ஜெபாலயத்தைச் சிதைத்தனர். மறு ஆண்டே டச்சுக்காரர் வென்றனர். ஆலயமும் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் எழுந்தது. வணிகத்தில் பெரும்பெயர் பெற்ற எசெக்கியேல் ரஹபி 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டின் முகங்களில் எபிரேய எண்களோடு மலையாள எண்களும் ரோமானிய எண்களும் விளங்கின. தெருவில் நடக்கும் எவரும் தத்தம் எழுத்தில் நேரம் அறியலாம் என்ற எண்ணத்திலேயே அவ்வூரின் சுபாவம் முழுதும் தெரிகிறது.

ஆயினும் உண்மையை மறைத்துப் பெருமை பேசுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். மன்னரின் சமதர்மத்தை அனுபவித்த, வெளிதேசங்களிலிருந்து வந்த பரதேசி யூதர், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோரைத் தம்மோடு சமமாக அமர விடவில்லை. தமக்கு முன்பே கேரளத்தில் வாழ்ந்துவந்த மலபாரி யூதரோடும் பேதம் பாராட்டினர். அக்குறையை எதிர்த்து, காந்தியடிகளின் மார்க்கத்தில் சத்தியாக்கிரகம் செய்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், தம் வாழ்நாளிலேயே அந்தத் தடைகள் தளரக் கண்டார். வெளியிலிருந்து வந்த அழிவைத் தாங்குவது ஒரு வலிமை. தன்னுள் இருந்த அநீதியைத் திருத்திக்கொள்வது அதனினும் அரிய வலிமை.

இஸ்ரேல் தேசம் 1948-இல் உருவானபின், கொச்சி யூதர்களில் பெரும்பாலோர், எவரும் விரட்டாமலே, சமய நம்பிக்கையும் புதுவாழ்வின் ஆசையும் ஈர்க்க அங்கே குடியேறினர். பாட்டிமார் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்த மலையாளக் கலியாணப் பாடல்களும் அவர்களோடு சென்றன. 1968-இல் ஜெபாலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொள்ள, அரசாங்கம் தபால்தலையும் வெளியிட்டது. ஆனால் அதே மட்டாஞ்சேரியில், மலபாரி யூதரின் கடவும்பாகம் ஆலயமோ, தன் மரவேலைப்பாடுகள் ஜெருசலேம் அருங்காட்சியகத்தை அடைந்தபின், கவனிப்பாரற்றுக் கிடந்து 2019-ஆம் ஆண்டு மழையில் இடிந்து சரிந்தது.

பாடலைக் கடல்தாண்டிக் காப்பாற்றும் கடமையை அம்மக்கள் செய்துவிட்டனர். சுவரைக் காப்பாற்றும் கடமை இங்கே தங்கிவிட்ட நம்முடையது. பரதேசி ஆலயத்தைப் பேணுவதோடு நிறுத்திக்கொண்டு கடவும்பாகத்தை மண்ணாக விட்டால், அந்தச் சமூகம் தனக்குள் வருந்தித் திருத்திக்கொண்ட அதே பேதத்தை நாம் அதன் கட்டடங்களுக்குச் செய்தவர்களாவோம்.