அப்பாவின் காலில் கோளாறு இல்லை!

இருபது வயது தாண்டிய கார்கள் சிலவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. பைபாஸில் சமர்த்தாக ஓடும். ஊருக்குள் வந்து, இரண்டாவது கியருக்கு மாற்றி, ஆக்ஸிலரேட்டரில் காலை மெல்ல வைக்கும்போது 'டக் டக்' என்று இரண்டு குலுக்கு குலுக்கும். பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் காரைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஓட்டுபவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

திருச்சியில் எங்கள் அப்பாவையும் அப்படித்தான் பார்த்தார்கள். அவருக்கு 65 வயது. கார் 2002 மாடல், சின்ன பெட்ரோல் கார். (எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இத்தனை வருஷம் உழைத்தால் எந்த கம்பெனி பாகமும் தேயத்தான் செய்யும்.) "மாமாவுக்கு கிளட்ச் பேலன்ஸ் போயிடுச்சு அத்தை. இந்தத் தடவை லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டாம்னு நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று அக்கா வீட்டுக்காரர் அம்மாவிடம் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. 55 வயதுக்கு மேல் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான் லைசென்ஸ் புதுப்பித்துத் தருவார்கள். டாக்டரிடம் படிவம் 1ஏ-வில் கையெழுத்தும் வாங்க வேண்டும். அப்பாவின் லைசென்ஸ் முடிய இரண்டு மாதம் இருந்தது. பிரிண்ட் எடுத்து வைத்த படிவம் டிவி ஸ்டாண்டிலேயே கிடந்தது.

அப்பா சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "பார்க்கலாம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். மாம்பழச்சாலை சிக்னலைத் தவிர்க்க ஆரம்பித்தார். அம்மாவை பிசியோதெரபிக்கு ஆட்டோவில் அனுப்பினார். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது வலது பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார். 40 வருஷமாக வண்டி ஓட்டியவர், தன் காலையே சோதித்துக்கொண்டிருந்தார்.

முதலில் காட்டிய ஒரு பட்டறையில் "ஈசியூ போயிடுச்சு, மாத்தணும்" என்றார்கள். அதாவது காரின் மூளை. அவர்கள் சொன்ன விலைக்கு காரையே விற்றுவிடலாம் போலிருந்தது. அடுத்து, உறையூரில் ஓர் அண்ணனின் சின்ன பட்டறைக்கு நானும் அப்பாவும் போனோம். அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்பீடுல போகும்போது குலுக்குதா சார்?" என்று கேட்டார். இல்லை என்றோம். "காலை லேசா வெக்கும்போது மட்டும்தானே? டிபிஎஸ்ஸா இருக்கும்" என்று பானெட்டைத் திறந்தார்.

டிபிஎஸ் என்பது த்ராட்டில் பொசிஷன் சென்சார். பழைய கார்களில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து ஒரு கேபிள் போகும். மிதித்தால் அது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் தகட்டைத் திறக்கும். தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்லும் வேலை இந்த சென்சாருக்கு. 1967-ல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் பாஷின் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தபோதே த்ராட்டிலில் ஒரு சுவிட்ச் இருந்தது. நம் ஊர்க் கார்களில் 2000-ஐ ஒட்டி, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி கார்புரேட்டர் விடைபெற்ற காலத்தில் இது பரவலானது.

உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பழைய ரேடியோவின் வால்யூம் திருகு ஞாபகம் இருக்கிறதா? அதேதான். ஒரு கார்பன் பட்டை, அதன்மேல் நகரும் ஒரு தொடுமுனை. மூன்று ஒயர்கள்: ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவதில் தகவல் போகும். தகடு மூடியிருந்தால் அரை வோல்ட் அளவில் இருக்கும். முழுசாகத் திறந்தால் நாலு, நாலரைக்கு ஏறும். ரேடியோவில் ஒரே இடத்தில் அடிக்கடி திருகினால் அந்த இடத்தில் கரகரக்குமே, இதிலும் அப்படித்தான். ஆனால் கார் கரகரக்காது, குலுக்கும்.

அண்ணன் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யச் சொன்னார். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை. சென்சார் கனெக்டரின் பின்பக்கமாகக் குண்டூசியைச் செருகி, மீட்டரின் சிவப்பு முனையை அதில் வைத்தார். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில். காலை எடுத்த நிலையில் 0.82 காட்டியது. எங்கள் கார் மாடலுக்கு 0.5-ஐ ஒட்டி இருக்க வேண்டுமாம். "இதை யாரோ கழட்டிட்டு, செட் பண்ணாம மாட்டியிருக்காங்க. நீங்க கால எடுத்தாலும், லேசா மிதிச்சிட்டே இருக்கீங்கன்னு ஈசியூ நினைக்குது" என்றார். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் காரணமில்லாமல் உறுமியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

குலுக்கலுக்குக் காரணம் அது மட்டுமில்லை. டிஜிட்டல் மீட்டரை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஊசி வைத்த பழைய மீட்டர் ஒன்றை எடுத்து வந்தார். டிஜிட்டல் மீட்டர் ஒரு எண்ணைக் காட்டி அடுத்ததைக் காட்டுவதற்குள் நடுவில் நடந்ததை விட்டுவிடும், ஊசி காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. "பாப்பா, நீ ஊசியை மட்டும் பாரு" என்று த்ராட்டிலைக் கையால் மெல்லத் திறந்தார். ஊசி ஒழுங்காக ஏறியது. 1 வோல்ட்டைத் தாண்டியதும் சட்டென்று கீழே விழுந்து, மறுபடி எழுந்து, மேலே போனது. மூன்று முறை திறந்தார். மூன்று முறையும் அதே இடத்தில்தான் விழுந்தது.

அந்த ஒரு கணத்தில் ஈசியூவுக்குப் போகும் சேதி, 'ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டார்' என்பது. உடனே பெட்ரோலை நிறுத்துகிறது. ஊசி எழுந்ததும், 'அழுத்தி மிதித்துவிட்டார்' என்று அள்ளி ஊற்றுகிறது. டக், டக்.

பட்டை தேய்ந்துவிட்டால் அட்ஜஸ்ட் செய்து பிரயோஜனமில்லை, சென்சாரைத்தான் மாற்ற வேண்டும். "புதுப்பேட்டையில பழசு கிடைக்குமா?" என்று கேட்டேன். "கிடைக்கும். அதுவும் யாரோ மிதிச்சுத் தேஞ்சதுதானே பாப்பா?" என்றார். புதுசே வாங்கினோம். ஈசியூ விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு விலையே இல்லை.

அண்ணன் கழற்றிய சென்சாரின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து அப்பாவிடம் நீட்டினார். கறுப்புப் பட்டையின் ஒரு முனைக்குப் பக்கத்தில் மட்டும் தேய்ந்து வெளுத்த கோடு. அப்பா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"மீதியெல்லாம் புதுசு மாதிரி இருக்கே தம்பி?"

"அந்தப் பக்கம் நீங்க போனதே இல்ல சார். வருஷக்கணக்கா முப்பது, நாப்பதுலயே பக்குவமா ஓட்டியிருக்கீங்க."

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த சென்சாரைக் கைக்குட்டையில் சுற்றி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புதுசை மாட்டுவதற்கு முன் த்ராட்டில் பாடியில் படிந்திருந்த கரியைத் துடைத்தார் அண்ணன். கரி இருந்தால் தகடு முழுசாக மூடாது, அளவு பொய்யாகிவிடும். கேபிளில் துளி தொய்வு இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு சென்சாரின் இரண்டு ஸ்க்ரூக்களையும் பாதி இறுக்கி, மீட்டரைப் பார்த்தபடி சென்சாரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். 0.52 வந்தது. ஸ்க்ரூவை இறுக்கினார், 0.56 ஆகிவிட்டது. தளர்த்தி, இறுக்கப்போவதற்குச் சேர்த்துக் கொஞ்சம் குறைவாக வைத்து, மறுபடி இறுக்கினார். இந்த விளையாட்டு நாலு முறை நடந்தது. பக்கத்தில் பெயின்ட் பொட்டு வைத்த இன்னொரு ஸ்க்ரூ இருந்தது. அது த்ராட்டில் நிற்கும் இடத்தை கம்பெனியிலேயே செட் செய்தது, அதைத் தொடவே கூடாது என்றார். ஐடிலிங் சரியில்லை என்றதும் பலரும் முதலில் கைவைப்பது அதில்தானாம்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால் ஒரு விஷயம். இந்த 0.52 எங்கள் காருக்கான எண். உங்கள் காருக்கு அதன் சர்வீஸ் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ, அதுதான் கணக்கு. சில கார்களில் சென்சாரைத் திருப்பவே வழியிருக்காது. கேபிளே இல்லாத இப்போதைய கார்களில் இந்த வேலைக்கே இடமில்லை.

கடைசியாக, ஈசியூ பழைய பாடத்தை மறக்கட்டும் என்று பேட்டரி ஒயரைச் சிறிது நேரம் கழற்றிவைத்து மாட்டினார்கள். டெஸ்ட் டிரைவுக்கு அண்ணனே கிளம்பினார். அப்பா சாவியைக் கொடுக்கவில்லை. அவரே உட்கார்ந்து, நெரிசலாகப் பார்த்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திருப்பினார். இரண்டாவது கியர், மெல்ல காலை வைத்தார், கார் வழுக்கிக்கொண்டு போனது. காவிரிப் பாலத்தில் போய்த் திரும்பி, மறுபடி ஒருமுறை போனார். மூன்றாவது முறையும் போகப்போகிறார் என்று தெரிந்ததும், பின் சீட்டிலிருந்த அண்ணன், "சார், எனக்குப் பட்டறையில வேலை இருக்கு" என்றார்.