காசிக் கதையும் காரிகைக் கணக்கும்

தமிழாசிரியன் வகுப்பில் சொல்லும் கதைகளுக்குச் சான்று கேட்பார் பெரும்பாலும் இல்லை. கேட்பார் இல்லாமையினாலேயே சில பிழைகள் நெடுங்காலம் வாழ்ந்துவிடுகின்றன. அவ்வாறு என் நாவில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒரு பிழையையும், மாணவர் ஒருவர் அதனைத் திருத்திய வகையையும், அத்திருத்தத்தின் பயனாக எனக்குக் கிட்டிய ஒரு கணக்கையும் இம்மலரில் பதிவு செய்ய விழைகின்றேன்.

முதலாண்டு மாணவர்க்கு யாப்பிலக்கணம் கற்பிப்பது எளிதன்று. நேர், நிரை என்னும் இரண்டு அசைகளைக் கடந்து, தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என வாய்பாடுகள் பெருகத் தொடங்கியதும் பின்வரிசையில் கொட்டாவி பிறக்கும். அச்சோர்வைப் போக்க நான் ஒரு கதை வைத்திருந்தேன். சிதம்பரத்தில் பயின்ற காலத்தில் அறைத்தோழர் ஒருவர் வாயிலாகக் கேட்ட கதை அது. காசியில் ஒரு கோயில். அங்கே மூன்று வைர ஊசிகள். ஓர் ஊசியில் பெரியது அடியிலும் சிறியது முடியிலுமாக 64 பொன் வட்டுகள். குருக்கள்மார் இரவு பகலாக அவற்றை மற்றோர் ஊசிக்கு மாற்றுகின்றனர். ஒரு முறைக்கு ஒரு வட்டினை மட்டுமே எடுக்கலாம். சிறிய வட்டின்மேல் பெரிய வட்டினை வைத்தலாகாது. எல்லா வட்டுகளும் இடம் மாறி முடியும் நாளில் உலகம் அழியும். இதனைச் சொல்லி, "இப்படியும் நம்பியிருக்கிறார்கள்" என்று ஒரு சிறு சிரிப்போடு முடிப்பேன். வகுப்பும் சிரிக்கும். பிறகு மீண்டும் கருவிளத்திற்குத் திரும்புவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், சிதம்பரம் பக்கத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் வந்து பயின்ற கணிதத்துறை மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றார்.

"ஐயா, அந்தக் காசிக் கதை எந்த நூலில் இருக்கிறது?"

"பழைய கதைதான், தம்பி. ஏன் கேட்கிறாய்?"

"எங்கள் ஆயா இரண்டு முறை காசிக்குப் போய் வந்தவர்கள், ஐயா. அப்படி ஒரு கோயிலைப் பற்றி அங்கே யாரும் சொல்லவில்லை என்கிறார்கள். எங்கள் ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் வாதாடினேன். அதனால்தான் நூற்பெயர் கேட்டேன்."

"கதைக்குப் போய் ஆராய்ச்சியா, தம்பி?" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அவர் தலையசைத்துச் சென்றார். ஆனால் அவர் சொன்ன சொற்கள் செல்லவில்லை. என்னை நம்பி, தம் வீட்டு முதியவரோடு ஒரு பிள்ளை வாதாடியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நான் காட்டக்கூடிய நூல் ஒன்றும் என்னிடம் இல்லை.

அன்றிரவு வேறொன்றும் என் நெஞ்சை உறுத்தியது. நபிமொழிகளைத் தொகுத்த சான்றோர், ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அதனை யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடர் முழுவதையும் ஆராய்ந்தனர். ஒரு கண்ணி ஐயத்திற்குரியதாயினும் செய்தியின் தரம் குறைந்துவிடும். அத்தகைய மரபில் வந்த நான், பிறர் வழிபாட்டிடம் பற்றிய ஒரு செய்தியை, அறைத்தோழர் என்னும் ஒற்றைக் கண்ணியோடு, அதுவும் சிரிப்போடு, ஆண்டுதோறும் அறிவித்து வந்திருக்கிறேன். நம் வீட்டைப் பற்றிப் பிறர் அவ்வாறு சொன்னால் நமக்கு நோகாதா?

மறுநாள் கணிதத்துறை நண்பரை நாடினேன். அவர் துணையோடு தேடியபோது தெரிய வந்தது இது: இக்கதைக்கு மூலம் காசி அன்று, பாரிசு. எதுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் (1842–1891), 1883இல் 'ஹனோய் கோபுரம்' என்ற பெயரில் ஒரு விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். மூன்று முளைகள் நட்ட பலகை. துளையிட்ட எட்டு வட்டுகள். தம் பெயரை மறைத்து, சயாம் நாட்டுக் 'கிளாஸ்' என்னும் கற்பனைப் பேராசிரியர் கண்டது என்று அச்சிட்டார். அப்புனைபெயர், ஆமியான் ஊரில் பிறந்த லூக்கா என்பதன் எழுத்துகளை இடம் மாற்றி அமைத்ததேயாகும். அப்பேராசிரியர் பணியாற்றியதாகச் சொன்ன கல்லூரியின் பெயரும், லூக்கா பாடம் நடத்திய செயின்ட் லூயி பள்ளியின் பெயரை எழுத்து மாற்றிச் செய்தது. பெட்டியோடு தந்த தாளில் காசிக் கோயிலின் 64 வட்டுகள் பற்றிய குறிப்பும் இருந்தது. அடுத்த ஆண்டே ஆன்றி த பார்வில் என்பார் ஒரு பிரெஞ்சு அறிவியல் இதழில் அதனை விரித்தெழுத, கதை உலகெங்கும் பரவியது. பொம்மைக்கு அழகு சேர்க்கப் பிறந்த கதை, நூறாண்டு கடந்து சிதம்பரத்து மாணவர் அறைக்கு வந்து, அங்கிருந்து என் வகுப்பிற்கு ஏறிவிட்டது!

கதை பொய்யாயினும் கணக்கு மெய். அதனை நண்பர் எனக்கு விளக்கிய எளிமையை இங்கே சொல்லுதல் தகும். ஒரே வட்டாயின் ஒரு நகர்வு போதும். இரண்டாயின், சிறியதை ஒதுக்கி, பெரியதை மாற்றி, சிறியதை அதன்மேல் ஏற்ற மூன்று நகர்வுகள். மூன்று வட்டுகளாயின், அடியில் உள்ள பெரிய வட்டு அசைய வேண்டுமானால், மேலுள்ள இரண்டும் முதலில் வேறொரு முளையில் ஒதுங்கியாக வேண்டும். அதற்கு மூன்று நகர்வுகள். பின் பெரியதற்கு ஒன்று. ஒதுங்கிய இரண்டும் மீண்டும் அதன்மேல் ஏற மூன்று. ஆக ஏழு. நான்காயின் ஏழும் ஒன்றும் ஏழுமாகப் பதினைந்து. ஒவ்வொரு வட்டு கூடும்போதும் முன்னைய எண்ணிக்கை இருமடங்காகி ஒன்று கூடுகிறது. இதனினும் குறைந்த நகர்வுகளில் முடித்தல் இயலாது. பெரிய வட்டிற்கு வழிவிடாமல் அது அசையாது என்பதே காரணம்.

1, 3, 7, 15, 31 என வளரும் இவ்வெண்கள், இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே சென்று, இறுதியில் ஒன்று குறைத்தால் கிடைப்பவை. 64 வட்டுகளுக்கு வேண்டிய நகர்வுகள் 18446744073709551615. வினாடிக்கு ஒன்றாக இடைவிடாது நகர்த்தினும் ஏறத்தாழ 58,000 கோடி ஆண்டுகள் ஆகும். இப்பேரண்டத்தின் வயதாக இன்றைய அறிவியலார் கணிப்பதோ 1,380 கோடி ஆண்டுகளே. உலக முடிவின் நேரத்தை அறிந்தவன் இறைவன் ஒருவனே என்பது நம் நம்பிக்கை. லூக்காவின் கதையோ, அம்முடிவை எண்ணிப் பார்க்கவும் இயலாத தொலைவிற்குத் தள்ளி வைத்த ஒரு கணக்காசிரியரின் குறும்பு.

இந்த இருபது இலக்க எண் லூக்காவுக்கு முன்னரே புகழ் பெற்றது. சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டங்களையும் நிரப்பக் கேட்ட அறிஞரின் கதையை நம்மில் பலர் அறிவர். அத்தானியங்களின் கூட்டுத்தொகையும் இதே எண். 973இல் பிறந்த அல்பிரூனி, லூக்காவுக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே அதனைக் கணக்கிட்டு எழுதிவைத்தார்.

இத்தகைய பேரெண்ணைச் சில இலக்கங்களில் அடக்க உதவுவது இடமதிப்பு முறை. அதற்குச் சான்றாகும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று 'லோகவிபாகம்'. சர்வநந்தி என்னும் சமண முனிவர், காஞ்சியில் சிம்மவர்மன் ஆண்ட காலத்தில், கி.பி. 458இல், பாடலிகா என்னும் ஊரில் அதனை இயற்றினார் என்பது அந்நூல் தரும் செய்தி. அவ்வூரைக் கடலூரின் திருப்பாதிரிப்புலியூராக அறிஞர் பலர் கொள்வர். பாடலி என்பது பாதிரி மரத்தைக் குறிக்கும் சொல்லன்றோ! எத்தனையோ முறை அவ்வூர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்து நின்றும் இதனை அறியாதிருந்தேன். காசியில் தேடியது கடலூரிலேயே இருந்தது!

சிதம்பரத்திற்கும் இதில் பங்குண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை பணியாற்றிய கணிதமேதை எஸ். எஸ். பிள்ளை, எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்கள் 73இன் கூட்டாக எழுதிவிடலாம் என்பதை 1940இல் நிறுவினார். 73இனும் குறைந்தால் போதா என்பதற்கு 703 என்னும் எண் சான்று. மூன்றின் ஆறாம் அடுக்கு 729. அது 703ஐ விடப் பெரிது. ஆகவே இரண்டின் ஆறாம் அடுக்காகிய 64ஐயும், ஒன்றையும் கொண்டே அதனை ஆக்க வேண்டும். பத்து 64கள் 640. எஞ்சியவை 63 ஒன்றுகள். ஆக 73. அந்த 63, ஆறு வட்டுகளை மாற்றத் தேவைப்படும் நகர்வுகளின் எண்ணிக்கையே! 1950இல் ஹார்வர்டில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டிற்குச் செல்லும் வழியில், எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் அப்பெருமகனார் மறைந்தார். நான் பயின்ற அதே வளாகத்தில் அவர் நடந்தார் என்பதையும் ஒரு பொய்க்கதையைத் துருவிய பின்னரே அறிந்தேன்.

இனி என் துறைக்கு வருகிறேன். ஒருநாள் மாலை சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் திரும்பும் ரயிலில், மறுநாள் பாடத்திற்காக யாப்பருங்கலக் காரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அமிதசாகரர் என்னும் சமண முனிவர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இயற்றிய நூல் அது. ஓரசைச்சீர் இரண்டு, ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு, ஆகச் சீர்கள் முப்பது. இருபதாண்டுகளாக மனப்பாடமாய்ச் சொல்லி வந்த எண்கள் அன்று முதன்முறையாகக் கண்ணில் பட்டன. ஓர் அசை கூடும்போதெல்லாம் சீர்கள் இருமடங்காகின்றன. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்தால் வட்டுகளின் ஒன்று, மூன்று, ஏழு, பதினைந்து!

ஒற்றுமை எண்ணளவில் நிற்கிறதா, உள்ளும் செல்கிறதா என்று பார்க்க விரும்பினேன். மூவசைச்சீரின் முதலசையைப் பெரிய வட்டு எனவும், நடுவசையை நடுவட்டு எனவும், ஈற்றசையைச் சிறிய வட்டு எனவும் கொண்டேன். ஒரு வட்டு நகரும்போதெல்லாம் அதற்குரிய அசை நேராயின் நிரையாகவும், நிரையாயின் நேராகவும் மாறும் என்று வைத்தேன். தொடக்கத்தில் மூன்றும் நேர், அது தேமாங்காய். சிறிய வட்டு நகர்ந்தது; தேமாங்கனி. நடுவட்டு நகர்ந்தது, கூவிளங்கனி. மீண்டும் சிறியது, கூவிளங்காய். இப்போது பெரிய வட்டு, கருவிளங்காய். சிறியது, கருவிளங்கனி. நடுவட்டு, புளிமாங்கனி. இறுதியாகச் சிறியது, புளிமாங்காய். ஏழு நகர்வுகளில் எட்டு மூவசைச்சீர்களும், ஒன்றும் விடுபடாமல், ஒன்றும் இருமுறை வாராமல், வரிசையாக வந்து நின்றன! ரயில் ஆலப்பாக்கம் கடந்ததை நான் அறியவில்லை.

காரணமும் அரிதன்று. பெரிய வட்டு அசையுமுன் சிறிய இரண்டும் தம் மூன்று நகர்வுகளில், முதலசை நேராக உள்ள நான்கு சீர்களையும் காட்டிவிடுகின்றன. பெரியது ஒருமுறை அசைந்து முதலசை நிரையானதும், அவ்விரண்டும் மீண்டும் நகர்ந்து எஞ்சிய நான்கையும் காட்டுகின்றன. நாலசைச்சீருக்கும் இதுவே முறை. பதினைந்து நகர்வுகளில் பதினாறு சீர்கள். அமிதசாகரர் ஹனோய் கோபுரத்தை அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொன்னால் மற்றொரு காசிக் கதை பிறந்துவிடும். இரண்டே கூறுகளை வைத்து எல்லா வகையையும் விடாது எண்ணப் புகுவோர், பாரிசில் இருப்பினும் தமிழ்நாட்டில் இருப்பினும், ஒரே பாதையில்தான் சந்திக்கின்றனர் என்பதே நான் சொல்ல விழைவது.

அடுத்த யாப்பு வகுப்பில், பாடம் தொடங்கும் முன் எழுந்து நின்று, "நான் சொன்ன காசிக் கதை உண்மையன்று. அப்படி ஒரு கோயிலும் இல்லை. அப்படி நம்பியவரும் இல்லை. ஆராயாமல் சொன்னது என் பிழை, அதனைச் சொல்லிச் சிரித்தது அதனினும் பெரிய பிழை" என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. ஓர் ஆசிரியனுக்கு அவ்வமைதி நீண்டதாகவே தோன்றும். பிறகு அம்மாணவரையே கரும்பலகைக்கு அழைத்து, வட்டுகளை நகர்த்தும் வரிசையைச் சொல்லச் செய்து, ஏனையோரைச் சீர்களைச் சொல்லச் செய்தேன். பின்வரிசையிலிருந்து கருவிளங்கனி என்று உரத்த குரல் எழுந்தது. அன்று கொட்டாவி இல்லை.

வகுப்பு முடிந்ததும் அவர் அருகில் வந்து, "ஆயாவிடம் என்ன சொல்லட்டும், ஐயா?" என்று கேட்டார்.

"அவர்கள் சொன்னதே சரி என்று சொல், தம்பி. ஐயா மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்" என்றேன்.

பெரிய வட்டு இடம் மாற வேண்டுமானால் அதன்மேல் ஏறி நிற்பவை முதலில் ஒதுங்க வேண்டும். என்னிடத்தில் அவ்வாறு ஏறி நின்றது ஆசிரியன் என்னும் செருக்கு. அதனை ஒதுக்க ஒரு மாணவரின் கேள்வி தேவைப்பட்டது. மாணவச் செல்வங்கள் அவ்வாறு கேட்கத் தயங்காதிருக்கவும், ஆசிரியராகிய நாங்கள் கேட்கப்படுவதற்கு அஞ்சாதிருக்கவும் வல்ல இறைவன் அருள்புரிவானாக!