தவிட்டு மஃபினும் எங்கப்பாவும்

"ஏன் அம்மிணி, எருமைக்குக் கரைச்சு ஊத்தறத எனக்கு வேக வெச்சுத் தர்றயாக்கும்?"

ஞாயித்துக்கிழமை காலையில சமையக்கட்டை எட்டிப் பார்த்து எங்கப்பா கேட்டது. அன்னூர் பக்கம் நாப்பது வருசம் எருமை வெச்சிருந்தவர், தவிட்டு வாசம் தெரியாம இருக்குமா? நான் செஞ்சிட்டிருந்தது கோதுமைத் தவிட்டு மஃபின். நீளமான த்ரெட், டீயோட வாங்க.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு விடியக்காலை பாத்ரூம்ல 'தொம்'னு சத்தம். கதவைத் தள்ளித் திறந்தா அப்பா கீழே கிடக்கார். நெத்தியில மூணு தையல். ஈசிஜி, எக்கோ, தலைக்கு சிடி எல்லாம் பார்த்தாச்சு, கோளாறு இல்லை. கடைசியில காரணம், முக்கினது. மூச்சைப் பிடிச்சு முக்கும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் குறையும். ரத்த அழுத்தம் சரியும். வயசானவங்களுக்கு அந்தச் சில நொடி போதும், மயங்கி விழ. இடுப்பு எலும்பு தப்பிச்சது பெரிய விஷயம்.

"எத்தன நாளாங்கப்பா இப்படி?"

"அது ஆச்சு ஒரு வருசம். புள்ளைகிட்டப் போயி இதையெல்லாம் எப்படிச் சொல்றது?"

தினமும் முன்ன பின்ன தெரியாத இருபது பேர்கிட்ட "மோஷன் ஒழுங்கா போகுதுங்களா?"ன்னு கேக்கறவ நான். வீட்டுல கேட்டதில்லை.

உக்காந்து பேசினப்பதான் ஒவ்வொண்ணா வந்துச்சு. ப்ராஸ்டேட் தொந்தரவு, ராத்திரி எந்திரிக்கணுமேன்னு சாயங்காலம் நாலு மணிக்கு மேல தண்ணியே குடிக்கறதில்லை. பல்லு ஆடுதுன்னு காயை ஒதுக்கிட்டார். காலையில இட்லி, மதியம் ரசஞ்சோறு, ராத்திரி மறுபடி இட்லி. அதுக்கு மேல கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை. ரெண்டுமே மலத்தை இறுக்கும். எழுதிக் குடுத்ததும் நான்தான்.

கீரை, காய் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். ஆனா கோயமுத்தூர்க்காரருக்கு பேக்கரி பலகாரம்னா உசுரு. நம்மூர்ல டீ குடிக்கப் போறதையே 'பேக்கரிக்குப் போறேன்'னுதானே சொல்றோம். அந்த வழியில போய்ப் பார்க்கலாம்னு தோணுச்சு.

முதல் வாரம் படுதோல்வி. தவிட்டை அப்படியே மாவுல கொட்டினேன். மாவுல இருந்த ஈரத்தை எல்லாம் அது குடிச்சிருச்சு. வெந்து வந்தது வறட்டி. வயித்துக்குள்ளயும் இதே கதைதான்: தண்ணி இல்லாம தவிடு சாப்பிட்டா சிக்கல் கூடத்தான் செய்யும். அதனால முதல்ல தண்ணியைச் சரி பண்ணினேன். குடிக்கறதை எல்லாம் காலையிலயும் மதியமும் முடிச்சுக்கற மாதிரி மாத்தினோம். மாத்திரையையும் மறுபடி பார்த்து வேண்டாததை நிறுத்தினேன்.

இப்ப கைப்பக்குவம். ஒன்றரை கப் கோதுமைத் தவிட்டை ஒரு கப் மோர்ல கால் மணி நேரம் ஊற வைங்க. சமையலுக்குன்னு விக்கற சுத்தமான தவிடு, இல்லைன்னா வீட்டு மாவைச் சலிச்சு எடுத்தது. மாட்டுத்தீவனக் கடைச் சமாச்சாரம் வேண்டாம். ஒரு முட்டை, கால் கப் கடலெண்ணெய், அரை கப் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, மசிச்ச வாழைப்பழம் ரெண்டு சேர்த்துக் கலக்குங்க. ஒரு கப் கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் சோடா மாவு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் உலர்திராட்சை. மாவு போட்டப்புறம் ரொம்பக் கிண்டாதீங்க, ரப்பராயிடும். 180 டிகிரியில 20 நிமிசம். 12 மஃபின் வரும்.

ஒண்ணுல ஏறக்குறைய 4 கிராம் நார்ச்சத்து. ரெண்டு டீஸ்பூன் சர்க்கரையும் இருக்கு, நாட்டுச்சர்க்கரைன்னாலும் சர்க்கரைதான். சுகர் இருக்கறவங்க ஒண்ணோட நிறுத்திக்கோங்க.

அப்பாவோட எருமைக் கேள்விக்கு பதில் நம்ம மலை மேலயே இருக்கு. 1890கள்ல ஜாவாவுல எய்க்மன், தீட்டின அரிசி தின்ன கோழிகளுக்குக் காலு விழுந்து போறதையும், தவிடு சேர்த்தா தேறிக்கறதையும் பார்த்தார். 1929ல நோபல் பரிசு. 1918ல குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துல ஒத்தை ரூம்ல மெக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1958ல ஐதராபாத் போய், இன்னிக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. அந்தக் கதை நெல்லுத் தவிட்டோட பி1 வைட்டமினைப் பத்தினது, நம்ம மஃபின் நார்ச்சத்துக்காக. ஆனா தீட்டித் தீட்டி நல்லதை எருமைக்கு ஊத்தினோம்ங்கறது ரெண்டுலயும் ஒண்ணுதான்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. அம்பது வயசுக்கு மேல திடீர்னு மலம் போற பழக்கம் மாறினா, ரத்தம் போனா, எடை குறைஞ்சா, மஃபின் சுட்டுட்டு உக்காந்திருக்காதீங்க. டாக்டரைப் பாருங்க. அப்பாவுக்கும் அதெல்லாம் பார்த்துட்டுத்தான் தவிட்டுக்கு வந்தேன்.

இந்த வாரம் ரெண்டு சாப்பிட்டார், டீயில முக்கி. "எருமை குடுத்து வெச்சதாக்கும்"னார்.

திங்கக்கிழமை காலையில பாத்ரூம்ல இருந்து வெளிய வந்தவர், நான் கேக்காமலே சொன்னார்: "இன்னிக்குப் பரவால்லைங்க டாக்டரம்மா."