"இது இனிச் சரிவராது" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்



கடந்த சில மாதங்களாக எங்களிடம் வருகிற கேள்வி ஒன்றுதான். "சேர், விண்டோஸ் 10 முடிஞ்சிட்டாம். எங்கட லெப்டொப்புக்கு 11 ஏறாதாம். புதுசு எடுக்கவா?" பள்ளிவாசல் வாசலில் கேட்கிறார்கள், பெற்றோர் கூட்டத்தில் கேட்கிறார்கள், திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எங்கள் பாடசாலைக் கணனி அறையில் நாங்கள் செய்ததை வைத்தே எழுதுகிறோம். பதிவு நீளம். இந்தக் கவலை வீட்டில் உள்ளவர்கள் மட்டுமாவது கடைசிவரை வாசியுங்கள்.

முதலில் ஒரு சம்பவம். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கும் மகளின் லெப்டொப்பை ஒரு உம்மா தூக்கிக்கொண்டு வந்தார். கடையொன்றில் காட்டியிருக்கிறார். "இது இனி இரும்புக்குத்தான்" என்று சொல்லி, புதியதொன்றின் விலையையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காப்பை அடகு வைக்க வங்கிக்குப் போகிற வழியில், எதற்கும் சேர்மாரிடம் ஒரு தடவை கேட்போம் என்று வந்தவர். திறந்து பார்த்தால் அது எட்டாம் தலைமுறை. பயோஸுக்குள் அணைந்து கிடந்த ஒரு வசதியை இயக்கினோம். ஒரு மணித்தியாலத்துக்குள் விண்டோஸ் 11 முறைப்படியே ஏறியது. எந்தக் குறுக்கு வழியும் தேவைப்படவில்லை. காப்பு கையிலேயே இருந்தது.

எல்லாருக்கும் இப்படி இலகுவாக முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு விடயம் என்னவென்று கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது. நின்றது என்றால் கணனி அணைந்துவிடாது. டைப் பண்ணலாம், பிறிண்ட் எடுக்கலாம், எல்லாம் முன்போலவே நடக்கும். மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நிற்கும். புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க ஆளில்லை. இணையத்தோடு தொடர்பில்லாத கணனிக்கு இது பெரிய பிரச்சினையில்லை. வங்கி வேலை பார்க்கிற, பிள்ளைகளின் விபரம் இருக்கிற கணனிக்கு இது பிரச்சினைதான். தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீடிக்கும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். மூச்சு விட ஒரு வருடம் கிடைக்கும்.

விண்டோஸ் 11 கேட்பவை: 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டி.பி.எம் 2.0, பட்டியலில் உள்ள ஒரு புரொசசர். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஐ5-4570 என்று இருந்தால் நான்காம் தலைமுறை. ஐ5-8250 என்று இருந்தால் எட்டு. நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தால் போதும். டி.பி.எம் என்பது இரகசியச் சாவிகளைப் பத்திரப்படுத்துகிற பகுதி. பல கணனிகளில் அது உள்ளே இருந்தும் பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த உம்மாவின் லெப்டொப்பில் நடந்தது இதுதான். ஆகவே "ஏறாது" என்ற செய்தி வந்தால் முதல் வேலை பயோஸைப் பார்ப்பது.

இனி எங்கள் கணனி அறைக்கு வருவோம். மொத்தம் 17 கணனிகள். எட்டாம் தலைமுறை மூன்று, பழைய மாணவர்கள் தந்தவை. நான்காம் தலைமுறை பத்து. மிச்சம் நான்கும் கோர் 2 டுவோ. நாங்கள் கல்வியியல் கல்லூரியில் விண்டோஸ் 7இல் படித்த காலத்திலேயே அவை பழசு. வெளிநாட்டில் இருக்கும் காக்கா ஒருவர் போனில் சொன்னார்: "எல்லாத்தையும் கழிச்சி விடுங்க, காசி சேர்த்து புதுசு வாங்குவம்." நல்ல மனசு. ஆனால் 2022இல் விலைகள் ஏறியதற்குப் பிறகு 17 புதிய கணனிக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று அவருக்குக் கணக்குக் காட்டினோம். அடுத்த நாள் அவரே, எஸ்.எஸ்.டி வாங்கக் காசு அனுப்புகிறேன் என்றார்.

அந்த எஸ்.எஸ்.டிதான் பாதி வேலையைச் செய்தது. பழைய ஹாட் டிஸ்க் இருந்தபோது கணனியைப் போட்டுவிட்டு இடாப்பு முழுவதையும் கூப்பிட்டு முடிக்கலாம். இப்போது உட்கார்வதற்குள் திறந்துவிடுகிறது. இன்னொரு சின்னச் செலவு, தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற பெற்றரி. அது செத்தால் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடும். திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். கணனி பழுது என்று கொண்டுவரப்பட்ட சிலவற்றுக்கு இந்த ஒரு பெற்றரிதான் மருந்து.

நான்காம் தலைமுறை பத்தையும் என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள்ளேயே விவாதம் வந்தது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென் ட்ரைவில் விண்டோஸ் 11ஐ எழுதும்போது, டி.பி.எம், செக்யூர் பூட் நிபந்தனைகளை நீக்கவா என்று அதுவே கேட்கும். ஆம் என்றால் நான்காம் தலைமுறையிலும் ஏறும். இரண்டில் போட்டுப் பார்த்தோம். எஸ்.எஸ்.டியும் 8 ஜிபி ரெமும் இருந்ததால் நன்றாகவே ஓடுகின்றன. மாதாந்தத் திருத்தங்களும் இதுவரை வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் இப்படிப் போட்ட கணனிக்கு அப்டேட் கேட்க உரிமையில்லை என்று மைக்ரோசொஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. வருடத்துக்கொரு முறை வருகிற பெரிய பதிப்பு தானாக வராது. யாராவது இருந்து, பென் ட்ரைவ் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்.

அந்த யாராவது யார்? எங்களில் ஒருவருக்கு அடுத்த வருடம் இடமாற்றம் வரலாம், இருவருக்குமே வரலாம். தெரிந்தவர் போனதும் பூட்டிக் கிடக்கிற கணனி அறைகளை எத்தனை பாடசாலைகளில் பார்த்திருக்கிறோம். ஆகவே இரண்டோடு நிறுத்திவிட்டு, மற்ற எட்டுக்கும் லினக்ஸ் மின்ட் 22 போட்டோம். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு, பதிப்புரிமைக் காசும் இல்லை. சாதாரண தரத்துக்கான பாஸ்கல், உயர்தரத்துக்கான பைதன் இரண்டும் அதில் ஓடுகின்றன. பிள்ளைகள் அன்றைக்கே பழகிவிட்டார்கள். தரம் 10 பிள்ளை ஒருவன் கேட்டான்: "சேர், இதுவும் பணிசெயல் முறைமைதானே, புத்தகத்துல படம் மட்டும்தானே பார்த்த?" பழக மாட்டோம் என்றவர்கள் பெரியவர்கள்தான்.

அதற்கும் நியாயம் இருந்தது. எங்கள் வினாத்தாள்கள் எல்லாம் வருடக்கணக்காகப் பாமினி எழுத்துருவில் வேர்டில் அடித்தவை. பாமினியை லினக்ஸிலும் போடலாம். ஆனால் லிப்ரே ஒபிஸில் திறந்தால் வரிகள் நகர்ந்து, நான்கு பக்க வினாத்தாள் ஐந்தாகிறது, அட்டவணை உடைகிறது. தவணைப் பரீட்சைக்கு முதல் நாள் டீச்சர் ஒருவரிடம் போய் "யுனிகோடுக்கு மாறுங்கள்" என்று உபதேசம் செய்ய முடியுமா? பழைய வினாத்தாள் வேலைக்கு அந்த இரண்டு விண்டோஸ் 11 கணனிகள். புதிதாக அடிப்பதெல்லாம் யுனிகோடில். இலங்கையில் கை பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் இருக்கிறது, கை மாற்றத் தேவையில்லை.

பெரிய வாக்குவாதம் அந்த மூன்று நல்ல கணனிகளைப் பற்றித்தான். ஒன்றை அலுவலகத்துக்குக் கொடுப்போம் என்றோம். அதிபர் சேர் விடவில்லை. "நல்ல சாமான் புள்ளைகளுக்குத்தான். ஒபிஸுக்குப் பழசு போதும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, முகவரி, வாப்பாவின் அடையாள அட்டை இலக்கம், புள்ளிகள் எல்லாம் இருப்பது அலுவலகக் கணனியில். கணனி அறையில் வைரஸ் வந்தால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். அந்த விபரம் வெளியே போனால் திருப்பி எடுக்கேலாது. அது பெற்றோர் எங்களிடம் தந்த அமானிதம். இதைச் சொன்னபோது சேர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்டுதான், மத்த ரெண்டும் லெப்லதான்" என்றார். அப்படியே செய்தோம்.

கோர் 2 டுவோ நான்கிலும் விண்டோஸ் 11 எந்த வழியிலும் சரிவராது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், புரொசசரிலேயே இல்லாத ஒரு கட்டளையை அது எதிர்பார்க்கிறது. குறுக்கு வழியில் போட்டாலும் எழும்பாது. யாராவது போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். இரண்டில் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போட்டோம். எழுதலாம், பாஸ்கல் ஓட்டலாம், யூடியூப் பார்க்க முடியாது (அது நல்லதுதான் என்று ஒரு வாப்பா சொன்னார்). மற்ற இரண்டையும் கழற்றி மேசையில் வைத்திருக்கிறோம். இப்போது தரம் 10 பிள்ளைகள் ரெம்மைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

ஒன்று பிடிவாதமாகச் சொல்கிறோம். "அக்டிவேட்டர்" போட்டுத் தருகிற விண்டோஸைப் பிள்ளையின் கணனியில் ஏற்றாதீர்கள். பாதுகாப்புக்காகப் புதிய பதிப்புக்குப் போய்விட்டு, யார் எழுதியது என்று தெரியாத ஒன்றுக்கு முழு அனுமதியையும் கொடுப்பதில் என்ன பாதுகாப்பு? உங்கள் விண்டோஸ் 10 முறையானதாக இருந்தால் அதே உரிமத்தில் 11 இயங்கும். இல்லையென்றால் மின்ட் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலைக் கணனி அறையில் இருப்போம். கணனிப் பாட டீச்சர்மாரும் இருப்பார்கள், பெண்கள் தயங்காமல் வரலாம். காசு வேண்டாம். சார்ஜரைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். படங்கள், பாடக்குறிப்புகள் எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் பிரதி எடுத்துவிட்டு வாருங்கள். எடுக்காமல் வந்தால் நாங்கள் பயோஸை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவோம், கோபிக்க வேண்டாம். பென் ட்ரைவ் எங்களிடம் ஐந்து இருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கிற 8 ஜிபி ஒன்று இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.