ஜித்ரா சாலையில் வந்த டாங்கி



எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலர் இப்போது ஜப்பானியரின் 97ஆம் வகை டாங்கிக்கு வண்ணம் தீட்டி வருகின்றனர். 1/35 அளவிலான பிளாஸ்டிக் மாதிரி அது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் போர்ப் பொம்மை எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான்.

காரணம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1941 டிசம்பர் 11ஆம் நாள், கொட்டும் மழையில், சங்லூன் பக்கமிருந்து இந்த டாங்கிகள் ஜித்ராவை நோக்கி நெடுஞ்சாலை வழியாகவே உருண்டு வந்தன. எதிர்கொண்டவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் படையினர். பலர் அதுவரை டாங்கியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. மலாயாவிலிருந்த பிரிட்டிஷ் படையிடம் ஒரு டாங்கியும் இல்லை. மறுநாள் இரவே பின்வாங்கல் தொடங்கிவிட்டது.

மாணவர்கள் முதலில் பக்கவாட்டில் பெரிய சிவப்புச் சூரியனை வரைய விரும்பினர். திரைப்படம் கற்றுக்கொடுத்த பாடம்! ஜப்பானியத் தரைப்படையின் வழக்கமான அடையாளம் முன்பக்கத் தகட்டில் உள்ள சிறிய மஞ்சள் நட்சத்திரமே. பழைய புகைப்படங்களை உருப்பெருக்கிக் காட்டிய பிறகே நம்பினர். சோவியத் டாங்கிகளின் கதையும் இத்தகையதே. 1941இல் அவற்றுள் பல வெறும் பச்சை நிறத்திலேயே போருக்குச் சென்றன. சிவப்பு நட்சத்திரம் எல்லாவற்றிலும் இருந்ததில்லை.

நட்சத்திரத்தைவிடக் கடினமானது மறைப்பு வண்ணம். பச்சை, பழுப்புத் திட்டுகளை முதலில் தீட்டிக் காயவிட வேண்டும். பின்னர் அவற்றின் குறுக்கே மெல்லிய மஞ்சள் பட்டைகள். போரின் தொடக்கத்தில் இருந்த இப்பட்டைகள் பிற்காலத்தில் கைவிடப்பட்டன. ஆகவே, பட்டை இல்லையேல் அது ஜித்ராவுக்கு வந்த டாங்கி ஆகாது. (ஒரு புட்டி வண்ணத்தின் விலையில் இரண்டு தட்டு மீ கோரேங் சாப்பிடலாம் என்பதையும் பெற்றோர் அறிக.)

நட்சத்திரம் வரையும் பொறுப்பை ஒரு மாணவியிடம் கொடுத்தேன். அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"டீச்சர், எங்கள் தாத்தாவின் பெரியப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை. இதை நான் ஏன் அழகாக வரைய வேண்டும்?"

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து சென்றவர்களின் கதை அவ்வீட்டில் இன்னும் பேசப்படுகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. "அழகாக வேண்டாம், சரியாக வரை. வந்தது எது என்று பார்ப்பவருக்குத் தெரியட்டும்" என்றேன். விருப்பமில்லையெனில் வேறொருவர் வரையலாம் என்றும் கூறினேன்.

இரண்டு நாள் கழித்து அவளே கேட்டு வாங்கினாள். பல்குத்தும் குச்சியின் முனையால் வரைந்தாள். நான்கு முறை அழித்து, ஐந்தாம் முறையில் ஐந்து முனைகளும் சரியாக அமைந்தன.

அடுத்தது பஞ்சாப் படைவீரர்களின் உருவங்கள். தலைப்பாகைக்கு எந்தக் காக்கி என்று இப்போதே வாக்குவாதம் தொடங்கிவிட்டது.