கரிசல் காட்டில் கிடையோடு ஓர் இரவு

சாத்தூரிலிருந்து தென்மேற்கே ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் வழியெங்கும் இரண்டு விதமான நிலம் மாறி மாறி வரும். ஒன்று, கம்பி வேலி போட்ட பட்டாசு ஆலை. உள்ளே ஒன்றுக்கொன்று எட்டத்தில் நிற்கும் சின்னச் சின்ன அறைகள், நடுவில் வேப்பமரங்கள். இன்னொன்று, வேலியே இல்லாத கரிசல் காடு. இந்தப் பக்கத்தில் காடு என்றால் வனமல்ல, மானாவாரிப் புஞ்சை. மாசி, பங்குனியில் பருத்தி, சோளம், உளுந்து, மக்காச்சோளமெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டால் புரட்டாசி விதைப்பு வரை அந்தக் காடு சும்மா கிடக்கும். அந்த ஆறு மாதத்தில்தான் அங்கே ஆட்டுக் கிடை இறங்குகிறது.

ஆலையில் வாரம் ஆறு நாள் மருந்து வாடையில் இருப்பவர்களுக்கு சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிறு ஓய்வு நாள். கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து, வீட்டு நாயைக் கையில் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர் கிடையில் போய்ப் படுத்து எழுந்து வருவது கரிசல் ஊர்களுக்குப் புதிதல்ல. கூடாரம் வேண்டாம், வாடகை வேண்டாம். வாரம் முழுக்கக் கேட்ட இயந்திரச் சத்தம் காதிலிருந்து இறங்க அந்த ஒரு ராத்திரி போதும். பட்டணத்திலிருந்து சொந்த ஊருக்கு வரும் இளைஞர்களும் இப்போது இதைத் தேடி வருகிறார்கள். கொடைக்கானலுக்கும் குற்றாலத்துக்கும் செலவழிப்பதில் கால் பங்குகூட இதற்கு ஆகாது.

பாளையம் இருந்த ஊர்

ஏழாயிரம்பண்ணை பழைய பாளையம். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பிறகு கும்பினியார் பறித்துக்கொண்ட பாளையங்களில் இதுவும் ஒன்று. வடக்கே வெம்பக்கோட்டை. அங்கே வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், சுடுமண் பொருள்கள், பாசிமணிகள் என்று அள்ள அள்ள வந்தன. தென்கிழக்கே கோவில்பட்டி. அதை ஒட்டிய இடைசெவல்தான் கி.ராஜநாராயணன் பிறந்த ஊர். ஆட்டுக் கிடையை வைத்தே அவர் ‘கிடை’ என்று ஒரு குறுநாவல் எழுதினார். அது 2003-இல் ‘ஒருத்தி’ என்ற படமாகவும் வந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் இருப்பது சிப்பிப்பாறை. நாய்க்குத் தன் பேரைக் கொடுத்த ஊர்.

சாயங்காலம் கிடை அமர்கிற நேரம்

வெயில் தாழ்ந்ததும் மந்தை திரும்பும். முதலில் தெரிவது புழுதி, அப்புறம் மணிச்சத்தம், அதற்குப் பிறகுதான் ஆடு. இங்கே அதிகம் காண்பது வேம்பூர் ஆடு. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இருப்பதால் பொட்டு ஆடு என்றும் சொல்வார்கள். இடையிடையே கறுத்த உடம்பும் முகத்தில் வரியுமாகக் கன்னி ஆடுகள் நிற்கும். வரி வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, சிவப்பாக இருந்தால் செங்கன்னி.

பகலெல்லாம் அடைபட்டிருந்த குட்டிகளைத் திறந்துவிட்டதும் காடே கத்தும். நூறு தாய்கள் கூப்பிடும், நூறு குட்டிகள் பதில் கொடுக்கும். ஒவ்வொரு குட்டியும் தன் தாயைக் கண்டுபிடித்து மடியில் முட்டியதும் சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். இதைப் பார்க்கவாவது இருட்டுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும்.

பிறகு வலையைக் கட்டி ஆட்டை உள்ளே மறிப்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகக் கட்டிலையோ கம்பளியையோ விரிப்பார்கள். எதிர்ப்பக்கம் படுத்தால் ராத்திரி முழுக்க ஆட்டு மூத்திர வாடைதான். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக வீசும். பகலில் அது புழுதியை வாரி அடித்தாலும், ராத்திரியில் கொசுவை அண்டவிடாது.

சாப்பாட்டை ஊரிலேயே செய்து எடுத்துப் போவது நல்லது. கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, சின்ன வெங்காயம், சாத்தூர் வெள்ளரிக்காய், ஒரு பொட்டலம் காராச்சேவு. கிடைக்காரருக்கும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும் என்பது எழுதாத வழக்கம். மூன்று வேளையும் காட்டிலேயே சாப்பிடுகிறவருக்கு ஒரு வேளை சூடான வீட்டுச் சோறு பெரிய விஷயம். வெளிச்சம் குறைவான இடம் என்பதால் அமாவாசையை ஒட்டிய நாள்களில் வானம் முழுக்க நட்சத்திரம் இறைந்து கிடக்கும்.

காவல் நாய் வேறு, வேட்டை நாய் வேறு

கிடைக்கு எந்த நாய் நல்லது, சிப்பிப்பாறை வாங்கலாமா என்று ஆடு வளர்ப்போர் பலர் கேட்கிறார்கள். ஒரு ராத்திரி கிடையில் தங்கினால் பதில் தானே தெரிந்துவிடும்.

கிடையைச் சுற்றிப் படுத்திருப்பவை பெரும்பாலும் பேர் சொல்லாத நாட்டு நாய்கள். குட்டியிலேயே ஆட்டுக்குட்டிகளோடு கிடந்து, ஆட்டு வாடையிலேயே வளர்ந்தவை. நரியோ, தெருநாய்க் கூட்டமோ, ஆடு திருடுகிறவரோ எட்டத்தில் வரும்போதே குரல் கொடுக்கும். மந்தைக்குள் ஓடி ஆட்டைக் கலைக்காது. காவல் என்பது இனத்தில் பாதி, வளர்ப்பில் பாதி.

சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கென்று வளர்ந்த இனங்கள். நீண்ட முகம், ஒடுங்கிய வயிறு, ஆழமான நெஞ்சு, மெலிந்த நீளக் கால்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. எதிரே ஏதாவது ஓடினால் துரத்துவது அவற்றின் பிறவிக்குணம். வளர்த்தவருக்கு விசுவாசமாக இருக்கும், வீட்டையும் தோட்டத்தையும் நன்றாகக் காக்கும். ஆனால் ஆட்டோடு பழகாத வேட்டை நாயை மந்தைக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிட்டால், மிரண்டு ஓடும் ஆட்டை அது விளையாட்டாகத் துரத்தினாலும் சினை ஆடு குட்டியை வீசிவிடும். ஆகவே கூட்டிப்போகும் நாய் கிடையில் இருக்கும்வரை கயிற்றில் இருப்பதே சரி.

ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பு தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் நாட்டு இனங்களைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டார். பெருமைதான். ஆனால் பேர் பரவினால் விலை ஏறும்; விலை ஏறினால் கலப்புக் குட்டியும் அதே பேரில் விற்கும். ஓடப் பிறந்த நாய் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் சங்கிலியில் நிற்கும். குட்டி வாங்க நினைப்பவர் தாய், தகப்பன் இரண்டையும் நேரில் பார்த்து, அது ஓடத் தன்னிடம் இடம் இருக்கிறதா என்று யோசித்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

இன்னொன்று. முயலும் மயிலும் கவுதாரியும் இந்தக் காடுகளில் உண்டு. அந்தக் காலத்து நினைப்பில் நாயை ஏவிவிடக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையும் குற்றம்தான். நாய் பிடித்தது, நான் பிடிக்கவில்லை என்ற சமாதானம் எடுபடாது.

நாயோடு போகிறவர் கவனிக்க வேண்டியவை

வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கம் செய்த நாயை மட்டுமே கூட்டிப்போக வேண்டும். இது கிடைக்காரருக்குச் செய்யும் மரியாதை. நாயின் குடலில் இருக்கும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை சாணத்தோடு புல்லில் விழுந்து ஆட்டின் வயிற்றுக்குப் போனால், அது மூளையில் நீர்க்கட்டியாக வளரும். அப்புறம் அந்த ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும், மேயாமல் மெலிந்து சாகும். இந்தச் சுழற்சியை அறுக்க இரண்டு வேலை போதும்: நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து, செத்த ஆட்டின் தலை, ஈரல், நுரையீரலை நாய்க்குப் பச்சையாகப் போடாமல் ஆழமாகப் புதைப்பது.

கோடையில் கரிசல் தரை சுடும். நடப்பதெல்லாம் காலை எட்டு மணிக்குள், மாலை ஐந்து மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நாய்க்குத் தனியாகத் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். மருந்து கலக்கிய தொட்டியிலும் குழியிலும் வாய் வைக்க விடக் கூடாது. திரும்பியதும் பாதத்தில் கருவேல முள்ளும் காதில் உண்ணியும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

மனிதருக்கும் எச்சரிக்கை உண்டு. வறண்ட வெடிப்புகளில் விரியன் இருக்கும். டார்ச் இல்லாமல் ராத்திரி எழுந்து நடக்கக் கூடாது. கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது, பச்சிலை என்று நேரத்தைப் போக்காமல் அரசு மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

தீ மட்டும் வேண்டாம்

வெளியூர்க்காரர்கள் வெட்டவெளியில் தங்கினால் முதலில் தேடுவது விறகு. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் அந்தப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். காய்ந்த தட்டையும் சருகும் மண்டிய காட்டில், மேல்காற்றில் ஒரு பொறி பறந்தால் நிற்காது. பக்கத்தில் இருப்பதோ வெடிமருந்து. ஆலை அறைகளை எட்ட எட்ட வைத்திருப்பதற்குக் காரணமே ஒன்றில் பிடித்தால் மற்றதற்குப் போகாமல் இருக்கத்தான். இந்த வட்டாரத்தில் வெடிவிபத்தில் ஆளைப் பறிகொடுத்த தெருக்கள் பல. அங்கே நெருப்போடு விளையாடுவது அவர்கள் முகத்துக்கு நேரே செய்யும் அவமரியாதை. சோறு பொங்கியே ஆக வேண்டும் என்றால் கிடைக்காரரின் அடுப்பிலேயே பொங்கி, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். வேலியோரம் கிடக்கும் பட்டாசுக் கழிவை நாயையும் முகர விடக் கூடாது.

நாயின் காது மனிதக் காதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்த அலைவரிசையைக் கேட்கும். திடீர் வெடிச்சத்தத்தில் புது நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு திசை தெரியாமல் ஓடிவிடும். கழுத்துப்பட்டையில் செல்பேசி எண்ணை எழுதிக் கட்டிவைத்தால் நாய் திரும்பக் கிடைக்க வழி உண்டு.

காலையில் நிலத்தில் நிற்பது

வெயில் ஏறி ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பியதும் வலை கட்டியிருந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு மண்மேல் கறுப்புப் புழுக்கை, அடுத்த அடுத்த சதுரங்களாக. ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்பது கரிசல்காரர் கணக்கு. ஆட்டெருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். இதோடு மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குகிறது. அள்ளுகூலி, வண்டி வாடகை எதுவுமில்லை.

ஓர் ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்தால் 400 ஆடு ஓர் இரவில் ஏறக்குறைய 10 சென்ட் நிலத்தை மிதிக்கும். ஓர் ஏக்கருக்குப் பத்து ராத்திரி. கிடை நகர்ந்ததும் புழுக்கை காய்ந்து சத்து பறந்துபோகாமல் இருக்க மேலாக ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். கிடை அமர்த்துபவர் ராத்திரிக் கூலியையும் எத்தனை நாள் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. சொந்தமாக ஆடு வைத்திருப்பவர், வரும் மந்தைக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

கிடைக்கு இடம் இருக்கிறதா?

இந்த ஓய்வு ராத்திரிகள் இன்னும் எத்தனை வருஷத்துக்கு என்பதுதான் கேள்வி. தரிசாக விட்ட காடு சீமைக்கருவேல் காடாகிறது. அதன் நெற்றை ஆடு விரும்பித் தின்னும், ஆனால் புதர் அடைத்துவிட்டால் உள்ளே நுழைய முடியாது. விற்ற காடு மனைக்கட்டாகிறது, அல்லது சூரிய மின்தகடுகளுக்குப் போகிறது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் வந்தபிறகு, வறண்ட காடு என்றாலே அதற்குத்தான் என்ற எண்ணம் பரவிவிட்டது. கம்பி வேலி விழுந்த காட்டில் ஆட்டுக்குப் பாதை இல்லை.

ஆளும் இல்லை. ஆலைக்குப் போனால் சனிக்கிழமை கையில் கூலி வந்துவிடும். ஆட்டுக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. கிடைக்காரர் வீட்டுப் பிள்ளையே ஆலையில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் கிடைக்கு விருந்தாளியாக ஒரு ராத்திரி வந்து படுக்கிற காலம் இது.

காட்டுக்காரர்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, வைகாசியிலிருந்து ஆடி வரை யார் காட்டில் எத்தனை ராத்திரி என்று பேசி முடித்துக் கிடைக்காரருக்கு முன்னதாகவே சொல்லிவிட்டால், அவருக்கு மூன்று மாதம் இடம் தேடி அலைகிற பாடு இல்லை. அவர்கள் மண்ணுக்கும் அந்த வருஷத்து எரு விதைப்புக்கு முன்பே வந்து சேர்ந்துவிடும்.