சூட்டு உடம்புக்காரர்கள்

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. விடிவதற்கு முன்பே தொண்டையில் இரும்பு ருசியோடு விழிப்பு. எங்கள் வீட்டில் துண்டு, தலையணை உறை எல்லாமே அரக்கு நிறம், கறை தெரியாது. முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கெலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கும் இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக, "அண்ணாந்து படு, வெங்காயத்தை மோந்து பாரு" என்றார். அண்ணாந்தால் ரத்தம் வயிற்றுக்குள் இறங்கிக் குமட்டும். அவருக்கு எத்தனை முறை சொல்வது?

திருநெல்வேலியில் மூக்கில் ரத்தம் வந்தால் அது சூடுதான். வெயிலுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூக்கு வறண்டால் உள்ளே சட்டென்று உடைகிறது. ஆனால் மார்கழியிலும்தானே உடைகிறது.

மே 9, வெள்ளி

ஹீமோகுளோபின் 6.8. மாத்திரை போதாது, இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். குழாயில் காற்று வடிகட்டி மாட்டச் சொன்னேன். நர்ஸ் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நுரையீரலில் தமனியும் சிரையும் நேராகச் சேர்ந்துகொள்ளும் இடங்கள் எங்களுக்கு இருக்கலாம். பெரிய கால்வாய்த் தண்ணீரை மடையில்லாமல் வயலுக்குள் திறந்துவிட்ட மாதிரி. நடுவே இருக்க வேண்டிய தந்துகிகள் இல்லை. அந்தக் குறுக்குவழியில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் நேரே மூளைக்குப் போய்விடும். என் வலது நுரையீரலில் இருந்த ஒன்றைக் கம்பிச்சுருள் வைத்து அடைத்திருக்கிறார்கள். சின்னது ஏதாவது மிச்சம் இருக்கலாம்.

எங்கள் குடும்ப நோயின் சுருக்கப் பெயர் எச்.எச்.டி. சுமார் ஐயாயிரத்தில் ஒருவருக்கு என்கிறார்கள். ஆண், பெண் பேதமில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. ரத்தம் உறைவதில் எங்களுக்குக் குறையில்லை, குழாய்ச்சுவர்தான் நொய்ந்தது. இது ஹீமோஃபிலியா அல்ல என்று ரெண்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896-லேயே பிரித்துச் சொல்லிவிட்டார். 1901-ல் ஆஸ்லரும் 1907-ல் வெபரும் இதை விவரித்து எழுதினார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அவசரப் பிரிவில் உறைவுச் சோதனை நார்மல் என்று சொல்லி, உலர்ந்த துணியை மூக்கில் திணித்து அனுப்புகிறார்கள். அதை உருவும்போது புண்ணும் சேர்ந்து பிய்ந்து வரும்.

மே 17, சனி

சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அவள் கீழுதட்டுச் செம்புள்ளியை, "அதிர்ஷ்ட மச்சம்" என்று கொண்டாடினார்கள். எனக்கு உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் அதே மச்சங்கள். அழுத்தினால் வெளுக்கும், விட்டால் சிவக்கும்.

தட்டு மாற்றும் நேரத்தில் சித்தியைக் காணோம். கொல்லைப்புறத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"சித்தி, அவளுக்கு ஒரு தடவை நுரையீரலைப் பாத்துருவோம்."

"ஏட்டி, நம்ம சூட்டு உடம்புக்காரங்கன்னு ஊருக்கே தெரியும். அதுக்குமேல ஒண்ணும் சொல்லப்பிடாது. கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

பொறவு என்றால் எப்போது? கருவுற்றால் ரத்த ஓட்டம் கூடும். நுரையீரலில் அடைக்காத குறுக்குவழி இருந்தால் அது உடைந்து தாய்க்கே ஆபத்தாகலாம். முன்பே கண்டுபிடித்து அடைத்துவிட்டால் பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். இதெல்லாம் சொன்னேன். சித்தி முந்தானையை மடித்துக் கறையை உள்ளே தள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

மாமா நினைவுக்கு வந்தார். பல் பிடுங்கிய சில வாரத்தில் காய்ச்சல், தலைவலி, பிறகு வலிப்பு. மூளையில் சீழ்க்கட்டி என்றார்கள். பல்லுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நுரையீரல் வடிகட்டாமல் விட்ட கிருமி மூளைக்குப் போகும். பல் வேலைக்கு முன்னால் எங்களுக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம். அவருக்கும் இந்த நோய் இருந்தது என்று நிரூபிக்க இப்போது ஒன்றுமில்லை. நான் நம்புகிறேன். அவருடைய மருத்துவச் சீட்டில் யாரும் எங்கள் குடும்ப வரலாற்றை எழுதவில்லை. மணமாகாத தங்கைகள் வீட்டில் இருந்தார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

டிரானெக்ஸாமிக் மாத்திரையும் உப்புநீர் ஸ்ப்ரேயும் வேலை செய்கின்றன. பொமாலிடோமைடு என்ற மருந்து மூக்கு ரத்தத்தைக் குறைப்பதாக 2024-ல் ஆய்வு முடிவு வந்தது. தாலிடோமைடின் சொந்தக்காரன், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. டாக்டரிடம் கேட்டேன், பொறுங்கள் என்றார்.

ஜூலை 12, சனி

தங்கச்சியே போன் செய்தாள். மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "எந்த டெஸ்ட்டுக்கா அது?"

சொன்னேன். உப்புநீரைக் குலுக்கி நுண்குமிழிகளாக்கிக் கை நரம்பில் செலுத்தி, எக்கோவில் பார்ப்பார்கள். நுரையீரல் சரியாக இருந்தால் குமிழிகள் அங்கேயே தங்கிவிடும். இதயத்தின் இடது பக்கத்தில் தென்பட்டால் அடுத்து சி.டி. ஸ்கேன். வலிக்காது.

வியாழக்கிழமை மதுரைக்குப் போகிறோம். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போவதாகத் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாளாம். சித்திக்கும் அதே சோதனை வேண்டும். அவரைக் கூட்டிப்போக எந்தத் துணியைச் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.